கணிப்பொறிக்குக் கை கொடுக்கும் சிறு கருவிகள்

1. மிஷினும் எண்ணெய்க் குப்பியும்

தையல் மிஷினின் வேலை தைப்பது. ஆனால் மிஷின் மட்டும் இருந்தால் போதுமா? போதாது. எண்ணெய்க் குப்பி வேண்டும். திருப்புளி வேண்டும். தூசி தட்டும் பிரஷ் வேண்டும். கத்தரி வேண்டும். இவை சிறிய பொருள்கள். ஆனால் இவை இல்லாவிட்டால் மிஷின் ஒரு மாதம்கூட ஒழுங்காக ஓடாது.

கணிப்பொறியும் அப்படித்தான். அதைக் கணினி என்றும் சொல்வார்கள். கணக்கு எழுத, கடிதம் அடிக்க, பில் போடப் பெரிய மென்பொருள்கள் உண்டு. அவற்றுக்குத் துணையாகச் சின்னச் சின்ன மென்பொருள்களும் உண்டு. ஒன்று கோப்புகளை மூட்டை கட்டும். ஒன்று வைரஸைப் பிடிக்கும். ஒன்று அழித்ததைத் திருப்பித் தரும். ஒன்று தமிழில் எழுத உதவும்.

இவற்றில் சில, கணிப்பொறி வாங்கும்போதே அதனுள் இருக்கும். 'நோட்பேட்' என்னும் குறிப்பேடு அப்படி ஒன்று. 'கால்குலேட்டர்' இன்னொன்று. இரண்டும் 1985-ல் வந்த முதல் விண்டோஸிலேயே இருந்தன. இன்றும் இருக்கின்றன. மற்றவற்றைத் தேடி எடுத்துப் போட வேண்டும். அங்கேதான் கவனம் தேவை. நல்ல கருவியும் கிடைக்கும். ஏமாற்றும் கருவியும் கிடைக்கும்.

மும்பையில் உள்ள தாராவியில் தோல் பட்டறைகள் நிறைய உண்டு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் பல தலைமுறைகளாக அங்கே வாழ்கின்றன. அங்கே ஒரு சிறு பட்டறை. பை, பெல்ட், பர்ஸ் தைக்கிறார்கள். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். பட்டறைக்காரரின் மனைவிதான் கணக்கு எழுதுகிறார். எல்லாரும் அவரை அக்கா என்றே அழைப்பார்கள். முப்பது வயதுக்கு மேல் மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர் அவர். பட்டறையில் ஒரு பழைய கணிப்பொறி இருக்கிறது. தெரு முனையில் கணிப்பொறி பழுது பார்க்கும் தம்பி ஒருவர் கடை வைத்திருக்கிறார்.

அந்தப் பட்டறையில் சிறு கருவிகள் எப்படி உதவின? எங்கே தொல்லை தந்தன? பார்ப்போம்.

2. காணாமல் போன கூலிக் கணக்கு

ஒரு வெள்ளிக்கிழமை மாலை. மறுநாள் கூலி கொடுக்க வேண்டும். அக்கா கூலிக் கணக்கைத் தேடினார். காணவில்லை. மூன்று மாதக் கணக்கு அதில் இருந்தது. யார் எவ்வளவு முன்பணம் வாங்கினார் என்பதும் அதில்தான் இருந்தது.

"தம்பி, கணக்கு போச்சு! என் கை பட்டு அழிஞ்சிருச்சு போல."

"பதறாதீங்க அக்கா. புதுசா எதையும் எழுதாதீங்க. படம், பாட்டு எதையும் ஏத்தாதீங்க. இதோ வர்றேன்."

தம்பி வந்தார். திரையின் மூலையில் ஒரு குப்பைத் தொட்டிப் படம் இருந்தது. அதைத் திறந்தார். உள்ளே கூலிக் கணக்கு கிடந்தது. அதன் மேல் வலது பட்டனை அழுத்தினார். 'பழைய இடத்தில் வை' என்னும் பொருளில் ஒரு வரி வந்தது. அதைச் சொடுக்கினார். கணக்கு பழைய இடத்துக்கே போய்விட்டது.

இந்தக் குப்பைத் தொட்டி விண்டோஸில் 1995-ல் வந்தது. நாம் அழிக்கும் கோப்பு முதலில் இதற்குள் போய் விழும். தொட்டியைக் காலி செய்யும் வரை அங்கேயே இருக்கும்.

ஆனால் மூன்று விஷயங்களை மறக்கக் கூடாது.

ஒன்று: பென் டிரைவில் உள்ள கோப்பை அழித்தால், அது பெரும்பாலும் இந்தத் தொட்டிக்கு வராது. நேரே போய்விடும்.

இரண்டு: 'ஷிப்ட்' பட்டனைச் சேர்த்து அழுத்தி அழித்தாலும் தொட்டிக்கு வராது.

மூன்று: தொட்டியைக் காலி செய்துவிட்டால் சாதாரணமாகத் திருப்பி எடுக்க முடியாது.

அப்போது என்ன செய்வது? அதற்கும் சிறு கருவி உண்டு. அதை மீட்புக் கருவி என்பார்கள். அது எப்படி மீட்கிறது?

ஒரு புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். முன் பக்கத்தில் பொருளடக்கம் இருக்கும். 'கூலிக் கணக்கு, 40-ஆம் பக்கம்' என்று அதில் எழுதியிருக்கும். கோப்பை அழிக்கும்போது, கணிப்பொறி பொருளடக்கத்தில் உள்ள அந்த வரியை மட்டும் அடித்துவிடும். 40-ஆம் பக்கம் அப்படியே இருக்கும். ஆனால் அந்தப் பக்கம் காலி என்று கணிப்பொறி நினைக்கும். புதிதாக எதையாவது எழுதினால், அந்தப் பக்கத்தின் மேலேயே எழுதிவிடக் கூடும். அதன் பிறகு பழையது கிடைக்காது.

அதனால்தான் தம்பி முதலில், "எதையும் எழுதாதீங்க" என்றார். மீட்புக் கருவியைக்கூட அதே வட்டில் ஏற்றக் கூடாது. வேறு கணிப்பொறியில் ஏற்றி, அதிலிருந்து மீட்க வேண்டும்.

இப்போது எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகை வட்டு வருகிறது. இது வேகமானது. ஆனால் இதில் அழித்ததை மீட்பது கடினம். காலியான பக்கங்களை இது தானாகவே துடைத்துவிடும்.

"அப்ப இதுக்கு நிரந்தர வழி என்ன தம்பி?"

"நகல் எடுக்கிறதுதான் அக்கா வழி. ஒரே கணக்கு மூணு இடத்துல இருக்கணும். ஒண்ணு இந்தக் கணிப்பொறியில. ஒண்ணு பென் டிரைவுல. ஒண்ணு பட்டறைக்கு வெளியில. பட்டறையில தண்ணி புகுந்தாலும் வீட்டுல ஒண்ணு இருக்கும்."

அக்காவுக்கு அது உடனே புரிந்தது. மும்பை மழையில் பட்டறைக்குள் தண்ணீர் வருவது புதிதல்ல. அன்று முதல் ஒவ்வொரு சனிக்கிழமையும் கூலி கொடுத்த பின் அவர் நகல் எடுக்கிறார். நகல் எடுத்த தேதியை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார்.

3. மூட்டை கட்டும் கருவி

பெங்களூரில் ஒரு வியாபாரி பைகளின் படங்களைக் கேட்டார். நாற்பது படங்கள். விலைப் பட்டியலும் வேண்டும் என்றார். நாற்பத்தொரு கோப்புகளை ஒவ்வொன்றாக அனுப்புவதா? அதில் ஒன்று விட்டுப்போனால்?

இதற்கு மூட்டை கட்டும் கருவி இருக்கிறது. பல கோப்புகளை ஒரே மூட்டையாக அது கட்டிவிடும். இந்த மூட்டையை 'ஜிப்' என்பார்கள். ஜிப் முறையை 1989-ல் அமெரிக்கர் பில் காட்ஸ் வெளியிட்டார். இன்று உலகம் முழுவதும் அதைப் பயன்படுத்துகிறார்கள். 'செவன்-ஜிப்' என்பது மூட்டை கட்டும் இலவசக் கருவி. இதை ரஷ்யாவைச் சேர்ந்த இகோர் பாவ்லோவ் எழுதினார். 1999-ல் வெளியிட்டார். விண்டோஸிலும் மூட்டை கட்டும் வசதி உள்ளேயே இருக்கிறது.

மூட்டை கட்டினால் அளவும் குறையும். எப்படி? விலைப் பட்டியலில் 'கறுப்புத் தோல் பை' என்னும் சொல் நூறு முறை வருகிறது. கருவி அதை ஒருமுறை மட்டும் முழுதாக எழுதிக்கொள்ளும். மற்ற இடங்களில் ஒரு சிறு குறி போட்டுக்கொள்ளும். பிரிக்கும்போது குறி இருக்கும் இடமெல்லாம் சொல்லைத் திரும்ப வைக்கும். ஓர் எழுத்தும் குறையாது.

அக்கா முதன்முதலில் மூட்டை கட்டியபோது ஏமாந்தார்.

"விலைப் பட்டியல் பாதிக்குப் பாதி சுருங்கிருச்சு தம்பி. படம் எல்லாம் சுருங்கவே இல்லையே. கருவி கெட்டுப்போச்சா?"

"இல்ல அக்கா. போன்ல எடுத்த படம் முன்னாடியே சுருக்கின படம்தான். பிழிஞ்ச துணியை மறுபடி பிழிஞ்சா எவ்வளவு தண்ணி வரும்?"

படங்கள் அதிகம் சுருங்காது. ஆனாலும் மூட்டை கட்டுவதில் பயன் உண்டு. நாற்பதும் ஒன்றாகப் போய்ச் சேரும். எதுவும் விட்டுப்போகாது.

வியாபாரிக்கும் ஒரு தொல்லை வந்தது. அவர் மூட்டையைப் பிரிக்காமல், உள்ளேயே விலைப் பட்டியலைத் திறந்தார். சில விலைகளைத் திருத்தினார். மூடினார். மறுநாள் பார்த்தால் திருத்தம் எதுவும் இல்லை. இது பலருக்கும் நேர்வது. மூட்டைக்குள் இருக்கும்போது பார்க்கலாம். ஆனால் திருத்த வேண்டுமானால் முதலில் பிரித்து வெளியே வைக்க வேண்டும். பிறகுதான் திருத்த வேண்டும்.

4. எழுத்து மாறிய கதை

அக்கா தமிழில் ஒரு பட்டியல் அடித்தார். திருநெல்வேலியில் உள்ள தம் மாமாவின் கடைக்கு அனுப்பினார். அங்கிருந்து போன் வந்தது.

"என்னம்மா அனுப்பியிருக்க? புள்ளியும் கோடுமா இருக்கு. ஒண்ணும் விளங்கல."

தவறு அக்காவுடையது அல்ல. பழைய கணிப்பொறியில் பழைய எழுத்துரு இருந்தது. முன்பெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தமிழ் எழுத்துக்கு ஒவ்வொரு முறை வைத்திருந்தது. ஓர் எழுத்துருவில் 'அ' இருக்கும் இடத்தில் இன்னொன்றில் வேறு எழுத்து இருக்கும். எழுதியவரிடம் உள்ள அதே எழுத்துரு படிப்பவரிடமும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோணல் மாணலாகத் தெரியும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கப் பலர் உழைத்தார்கள். 1999-ல் சென்னையில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. அதன் பின் 'தமிழ் 99' என்னும் விசைப்பலகை முறையைத் தமிழ்நாடு அரசு ஏற்றது. 2005-ல் இந்திய அரசு தமிழ் மென்பொருள்கள் அடங்கிய குறுந்தகட்டை இலவசமாக வெளியிட்டது. 2010-ல் 'யூனிகோடு' முறையைத் தமிழ்நாடு அரசு ஏற்றது. யூனிகோடில் உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் உண்டு. தமிழ் 'அ'வுக்கு எந்த நாட்டிலும், எந்தக் கணிப்பொறியிலும் ஒரே எண்தான்.

இதனோடு சிறு கருவிகளும் வந்தன. அழகி, இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் என்பவை அவற்றுள் சில. ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டினால், திரையில் தமிழ் விழும். தட்டச்சுப் பயிலாத ஆயிரக்கணக்கானவர்கள் இவற்றால் தமிழில் எழுதத் தொடங்கினார்கள். இன்று விண்டோஸிலும் செல்போனிலும் தமிழ் விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது.

தம்பி ஓர் எழுத்து மாற்றும் கருவியைத் திறந்தார். பழைய பட்டியலை அதில் ஒட்டினார். ஒரு பட்டனை அழுத்தினார். பட்டியல் யூனிகோடுக்கு மாறியது. மறுபடி அனுப்பினார்கள். மாமா இந்தமுறை படித்தார். விலை அதிகம் என்று பேரமும் பேசினார்.

5. பென் டிரைவில் வந்த நோய்

பட்டறைக்காரர் ஜெராக்ஸ் கடைக்குப் போனார். பென் டிரைவைக் கொடுத்து நாலு பக்கம் அச்செடுத்தார். திரும்பி வந்து பட்டறைக் கணிப்பொறியில் செருகினார். உள்ளே இருந்த கோப்புறைகள் மாறியிருந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு சிறு அம்புக்குறி இருந்தது.

அவருக்குக் கோபம் வந்தது. "எல்லாம் கெட்டுப்போச்சு. பென் டிரைவை முழுசா அழிச்சிடுறேன்" என்றார்.

"அண்ணாச்சி, அழிக்காதீங்க!" என்றார் தம்பி. "கோப்பு எங்கேயும் போகல. உள்ளேயே ஒளிஞ்சிருக்கு. இது ஒரு வைரஸ் செய்யிற வேலை. அம்புக்குறி போட்டது போலி. அதைத் தொட்டா இந்தக் கணிப்பொறிக்கும் நோய் வந்துரும்."

தம்பி பென் டிரைவை வைரஸ் தடுப்புக் கருவியால் சோதித்தார். வைரஸ் சிக்கியது. அதை நீக்கினார். பிறகு, மறைந்துள்ள கோப்புகளைக் காட்டும்படி கணிப்பொறியில் மாற்றி வைத்தார். எல்லாக் கோப்புகளும் வெளியே தெரிந்தன. பட்டறைக்காரர் அவசரப்பட்டிருந்தால் எல்லாம் போயிருக்கும்.

வைரஸ் என்பது கிருமி அல்ல. அதுவும் ஒரு சிறு மென்பொருள்தான். கெட்ட எண்ணத்தோடு எழுதிய மென்பொருள். அதைப் பிடிக்க இன்னொரு மென்பொருள் வேண்டும்.

நம் நாட்டிலும் அப்படிப்பட்ட கருவிகளைச் செய்கிறார்கள். அதில் ஒரு கதை தெரிந்துகொள்ள வேண்டியது. கைலாஷ் கட்கர் மராட்டிய மாநிலத்தின் சதாரா மாவட்டத்தைச் சேர்ந்தவர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினார். புனேயில் கால்குலேட்டர் பழுது பார்த்தார். பிறகு கணிப்பொறி பழுது பார்க்கக் கற்றார். தம்பி சஞ்சயைக் கணிப்பொறி படிக்கச் சொன்னார். 1990-களில் பழுதுக்கு வந்த கணிப்பொறிகள் பலவற்றில் வைரஸ் இருந்தது. பிளாப்பி என்னும் தகடு வழியாக அது பரவியது. சஞ்சய் அதை நீக்கச் சிறு மென்பொருள்களை எழுதினார். பழுது பார்க்கும் வேலைக்குத் துணையாக வந்த அந்தச் சிறு கருவியே 'குவிக் ஹீல்' ஆனது. அந்த நிறுவனத்தின் பங்குகள் 2016-ல் பங்குச் சந்தைக்கு வந்தன.

இந்திய அரசும் 2017 பிப்ரவரியில் 'சைபர் ஸ்வச்தா கேந்திரம்' என்னும் மையத்தைத் தொடங்கியது. கெட்ட மென்பொருளை நீக்கும் கருவிகளை அது இலவசமாகத் தருகிறது.

கருவி இருந்தால் மட்டும் போதாது. அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்னும் கெட்ட மென்பொருள் பரவியது. 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கணிப்பொறிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகளின் வேலையே நின்றுபோனது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச் மாதத்தில் வெளியிட்டிருந்தது. திருத்தத்தை ஏற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். 'பிறகு பார்க்கலாம்' என்று விட்டவர்கள் பலர் மாட்டிக்கொண்டார்கள்.

6. சுத்தம் செய்யும் கருவி: தேவையா?

கணிப்பொறி மெதுவாக ஓடுகிறது என்று பலர் சொல்வார்கள். உடனே சுத்தம் செய்யும் கருவியைத் தேடுவார்கள். சில கருவிகள் திரையில் சிவப்பாக ஒரு எச்சரிக்கை காட்டும். 'ஆயிரம் பிழைகள் உள்ளன. பணம் கட்டினால் சரி செய்வோம்' என்று சொல்லும். இது பெரும்பாலும் பயமுறுத்தும் வேலை.

நல்ல பெயர் பெற்ற கருவிக்கும் கேடு வரலாம். 'சி-கிளீனர்' என்பது பலர் விரும்பிய சுத்தம் செய்யும் கருவி. 2017-ல் திருடர்கள் அதன் ஒரு பதிப்புக்குள் கெட்ட மென்பொருளைச் சேர்த்துவிட்டார்கள். கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்தே அது போனது. ஏறத்தாழ 22 லட்சம் பேர் அந்தப் பதிப்பைப் பயன்படுத்தினார்கள். செப்டம்பரில் இது வெளியே தெரிந்தது. உடனே புதிய பதிப்புக்கு மாறும்படி சொன்னார்கள்.

இதிலிருந்து தெரிவது என்ன? தேவையில்லாத கருவியை ஏற்றாமல் இருப்பதே முதல் பாதுகாப்பு. விண்டோஸிலேயே வட்டைச் சுத்தம் செய்யும் வசதி இருக்கிறது. பெரும்பாலும் அதுவே போதும்.

தம்பி பட்டறைக் கணிப்பொறியைப் பார்த்தார். அதைத் தொடங்கியவுடன் பதினோரு மென்பொருள்கள் தாமே ஓடத் தொடங்கின. எட்டு தேவையில்லாதவை. அவற்றை நிறுத்தினார். உள்ளே விசிறியில் தூசி அடைந்திருந்தது. பிரஷ்ஷால் தட்டினார். கணிப்பொறி வேகமானது. ஒரு ரூபாய்க்கும் மென்பொருள் வாங்கவில்லை.

7. போனில் வந்த குரல்

ஒரு சனிக்கிழமை காலை அக்காவின் போன் ஒலித்தது. பேசியவர் இந்தியில் பேசினார். மரியாதையாகப் பேசினார்.

"உங்கள் கணிப்பொறியில் வைரஸ் இருக்கிறது. எங்கள் கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது. இலவசமாகச் சரி செய்கிறோம். ஒரு சிறு கருவியை மட்டும் ஏற்றுங்கள்."

அக்கா பயந்துவிட்டார். அவர் சொன்னபடியே கருவியை ஏற்றினார். திரையில் ஒரு நீண்ட எண் வந்தது.

"அந்த எண்ணைச் சொல்லுங்கள். பிறகு உங்கள் வங்கிப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். சோதிக்க வேண்டும்."

வங்கி என்றதும் அக்காவின் கை நின்றது. வங்கியில் அன்றையக் கூலிப் பணம் இருந்தது. ஆறு குடும்பங்களின் பணம். அவர் சுவரைப் பார்த்தார். அங்கே ஒரு தாள் ஒட்டியிருந்தது. தம்பி சொல்லச் சொல்ல, அக்கா தம் கையால் தமிழில் எழுதியது. நாலாவது வரியை மெல்லப் படித்தார்.

'தெரியாதவர் சொல்லி எதையும் ஏற்றக் கூடாது. எந்த எண்ணையும் சொல்லக் கூடாது.'

அக்கா போனை வைத்தார். இணைய வயரைப் பிடுங்கினார். தம்பியை அழைத்தார். தம்பி வந்து அந்தக் கருவியை நீக்கினார். வங்கியின் ரகசியச் சொல்லை வேறு போனிலிருந்து மாற்றச் சொன்னார். பணம் பத்திரமாக இருந்தது.

அந்தக் கருவி என்ன வகை? தூரத்தில் இருந்துகொண்டே இன்னொரு கணிப்பொறியை இயக்கும் கருவி. அது கெட்ட கருவி அல்ல. அலுவலகங்களில் பழுது பார்க்க அதைத் தினமும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் எண்ணைச் சொல்லி அனுமதி கொடுத்தால், அடுத்தவர் நம் திரையைப் பார்க்கலாம். நம் சுட்டியை நகர்த்தலாம். வீட்டுச் சாவியை முன்பின் தெரியாதவரிடம் கொடுப்பது போன்றது அது. இப்படிப்பட்ட கருவியை வைத்து நடக்கும் ஏமாற்று பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியில் வங்கிகளை எச்சரித்தது.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. உடனே 1930 என்னும் எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். இது இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். வங்கிக்கும் சொல்ல வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு.

8. ஏற்றும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

அக்காவின் சுவரில் உள்ள தாளில் எழுதியிருப்பது இதுதான்.

1. இந்தக் கருவி எனக்கு உண்மையாகத் தேவையா? கணிப்பொறிக்குள்ளேயே இருக்கிறதா?

2. இதைச் செய்தவர் யார்? அவருடைய சொந்தத் தளத்திலிருந்துதான் எடுக்கிறேனா? பல தளங்களில் பெரிய பச்சைப் பட்டன் இருக்கும். அது விளம்பரமாக இருக்கலாம்.

3. இலவசமா, சில நாள் மட்டும் இலவசமா? திருட்டு நகல் வேண்டாம். அதனோடு வைரஸும் வரலாம்.

4. தெரியாதவர் சொல்லி எதையும் ஏற்றக் கூடாது. எந்த எண்ணையும் சொல்லக் கூடாது.

5. 'அடுத்து, அடுத்து' என்று அழுத்திக்கொண்டே போகக் கூடாது. ஒவ்வொரு பக்கத்தையும் படிக்க வேண்டும். வேறு கருவியையும் சேர்க்கும்படி 'டிக்' போட்டிருந்தால் அதை எடுக்க வேண்டும்.

6. ஏற்றும் முன் கணக்குக்கு நகல் எடுத்தேனா?

ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் என்ன செய்வது? புரியாவிட்டால் நிறுத்த வேண்டும். தெரிந்தவரிடம் கேட்க வேண்டும். கேட்பதில் குறைவு எதுவும் இல்லை. கணிப்பொறி காத்திருக்கும். அவசரப்படுத்துபவர் மனிதர்தான். அவசரப்படுத்துபவர் மேல்தான் சந்தேகம் வர வேண்டும்.

சொற்களும் பொருளும்

மென்பொருள் – கணிப்பொறி என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் கட்டளைத் தொகுப்பு
கோப்பு – கணிப்பொறியில் உள்ள கணக்கு, கடிதம், படம் போன்றவற்றில் ஒன்று
கோப்புறை – பல கோப்புகளை வைக்கும் உறை
நகல் – ஒன்றைப் போலவே எடுத்து வைக்கும் இன்னொன்று
எழுத்துரு – திரையில் தெரியும் எழுத்தின் வடிவம்
ஜிப் – பல கோப்புகளைக் கட்டிய மூட்டை
ரகசியச் சொல் – பிறருக்குச் சொல்லக் கூடாத திறவுச் சொல்

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.

1. அழித்த கோப்பு முதலில் .............. தொட்டிக்குப் போகும்.
2. ஒரே கணக்கு .............. இடங்களில் இருக்க வேண்டும்.
3. மூட்டையில் உள்ள கோப்பைத் திருத்தும் முன் அதைப் .............. வேண்டும்.
4. இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் .............. .

ஆ. சரியா, தவறா?

1. பென் டிரைவில் அழித்த கோப்பு எப்போதும் தொட்டியில் கிடைக்கும்.
2. போனில் எடுத்த படங்கள் மூட்டை கட்டினால் பாதியாகச் சுருங்கும்.
3. வைரஸ் தடுப்புக் கருவியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.
4. நல்ல பெயர் பெற்ற கருவிக்கும் கேடு வரலாம்.

இ. கூடிப் பேசுக.

1. அழித்த கோப்பு மறுபடி கிடைக்க வேண்டும் என்றால் ஏன் புதிதாக எதையும் எழுதக் கூடாது? புத்தகத்தின் உதாரணத்தைக் கொண்டு பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லுங்கள்.
2. உங்களுக்கோ உங்கள் தெருவில் உள்ளவருக்கோ ஏமாற்றுப் போன் வந்ததுண்டா? வந்தவுடன் என்ன செய்தார்கள்? வேறு என்ன செய்திருக்கலாம்?

ஈ. எழுதுக.

அக்காவின் தாளில் உள்ள ஆறு வரிகளையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டில் கணிப்பொறி இருந்தால் அதன் அருகில் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் போன் வைக்கும் இடத்தில் ஒட்டுங்கள். போனுக்கும் இந்த வரிகள் பொருந்தும்.